ஒரே ஒரு துளை

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் டாக்டர் ஒரு வட்டம் வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தார். வட்டம் என் அண்ணியின் வயிறு; புள்ளி, தொப்புள். அந்த ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக வெட்டி, கேமராவையும் கருவிகளையும் உள்ளே விட்டு, கல் நிறைந்த பித்தப்பையை எடுத்துவிடலாமாம். தழும்புகூடத் தெரியாதாம். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் அது புதுசு.

அண்ணி எர்ணாவூரில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கும்போதெல்லாம் வாயு என்று சொல்லி, ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மறுபடி வேலைக்கு உட்காருவாள். இரண்டு வருடம் இப்படியே ஓட்டினாள். எல்லாம் பயம்தான். எங்கள் அம்மா வயிற்று ஆபரேஷனுக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. அப்போது அண்ணி கல்யாணமாகி வந்து மூன்று மாதம். அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் அவள்தான். அந்த நீளத் தையலைப் பார்த்தவளும் அவள்தான்.

ஒருநாள் கம்பெனியிலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். டிரெய்லர் ஓட்டும் அண்ணன் சரக்கோடு விஜயவாடா போயிருந்தார். கூட இருந்தது நான் மட்டும். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஓட்டைதானே? அத்தைக்கு மாரி கீச மாட்டாங்களே?"

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி. சத்தியமா."

உள்ளே பார்த்த பிறகு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன்.

ஒரு மணி நேரம் என்றார்கள். இரண்டாவது மணியும் கடந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தார். கையில் ஒரு தாள்.

"பித்தப்பை குடலோட நல்லா ஒட்டியிருக்கு. துளை வழியா எடுத்தா ஆபத்து. வயித்தைத் திறக்கணும். கையெழுத்துப் போடும்மா."

அண்ணனுக்குப் போன் போட்டேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. மறுபடியும் அதே குரல். நர்ஸ் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றார். தாளில் இருந்த எழுத்து எதுவும் என் கண்ணில் நிற்கவில்லை. அம்மா தெரிந்தாள். அண்ணியின் இரண்டு பிள்ளைகளும் தெரிந்தார்கள். நாளைக்கு அவர்களிடம் என்ன சொல்வேன்? என் பெயரைப் பாதி எழுதி நிறுத்தி, பிறகு முடித்தேன். இத்தனை வருடம் கழித்தும் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

சாயங்காலம் அண்ணி கண் விழித்தாள். மூச்சு விடவே முனகினாள். நான் குனிந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன்: "ஒரே ஓட்டைதான் அண்ணி."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் கட்டு மாற்ற வந்தவர் போர்வையை விலக்கினார். விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் நீளத்துக்குத் தையல். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் போன பிறகு அண்ணி கூப்பிட்டாள்.

"இங்க பாரு. நேத்தே தடவிப் பாத்துட்டேன்."

"அப்போ ஏன் அண்ணி ஒண்ணும் கேக்கல?"

"உன் மூஞ்சி பேயறஞ்ச மாரி இருந்துச்சி. நீ இன்னும் பயந்துடுவியேன்னு சொம்மா கெடந்தேன்."