மைக்கில் சொல்ல வேண்டிய பெயர்

போன ஞாயிறு மாலை ஒத்தக்கடையில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஃபைனல். ஊர் டீமுக்கு ஆட வந்திருந்தவர் குவாமே. கானா நாட்டுக்காரர். கேரளத்தில் கிளப் சீசன் முடிந்ததும், மேட்சுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு ஊர் ஊராக ஆட வருகிறார். கால்தான் அவருக்குப் பிழைப்பு.

நம் ஊர் டோர்னமென்ட்டில் பந்தைவிட மைக் அதிகம் ஓடும் — உங்களுக்குத் தெரியாததா? கமென்ட்ரி சொல்லும் செல்வம் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்துவிடுவார். திருநகரிலிருந்து வந்த உயரமான கீப்பர் 'போஸ்ட் மரம்'. குவாமேவுக்கு வைத்தது 'கரிச்சட்டி'.

"பந்து இப்ப கரிச்சட்டிகிட்ட..."

கூட்டம் சிரித்தது. அது போதாமல், கோல் வலைக்குப் பின்னால் நின்ற ஒரு கும்பல், அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் குரங்கு போலக் கத்த ஆரம்பித்தது.

முதல் பாதி முழுக்கப் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. பந்து அவர் காலுக்கு வந்தது, கூடவே அந்தச் சத்தமும். எதிரே கீப்பர் மட்டும். அடித்துவிடுவார் என்று எல்லோரும் எழுந்துவிட்டோம்... அவர் குனிந்து பந்தைக் கையில் எடுத்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக மைக் மேஜைக்கு நடந்தார்.

ரெஃப்ரி மஞ்சள் கார்டோடு பின்னால் ஓடினார். டீம் மேனேஜர் குறுக்கே வந்தார்.

"மாப்ள, என்ன பண்ற? இப்படிப் பண்ணா இனி ஒரு டீமும் ஒன்னக் கூப்பிடாது."

"தெரியும்ணே" என்றார் குவாமே. சில வருடங்களாக இந்தப் பக்கம் வந்து போகிறவர், தமிழ் பழகிவிட்டது.

செல்வம் உண்மையிலேயே குழம்பிப்போனார். கெட்ட மனிதர் இல்லை. "கோவிச்சுக்காதப்பா. நான் மட்டும் என்ன வெள்ளையா? எங்க சாமி பேரே கருப்பு. நாங்க கையெடுத்துக் கும்பிடுற நெறம்யா அது."

மைக் ஆனில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் வேறு.

குவாமே அது அடங்கும்வரை நின்றார். பிறகு மைக் பக்கம் குனிந்தார்.

"அந்தச் சாமியப் பாத்தும் இப்படித்தான் கத்துவீங்களாண்ணே?"

மைக்கைச் செல்வம் பக்கம் திருப்பி வைத்தார்.

"எனக்கு ஒரு பேரு இருக்கு. அத மைக்ல சொல்லுங்க. அம்புட்டுதான். அப்புறம் ஆட வாரேன்." பந்தைத் தரையில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நாமும் கருப்புதானே, நமக்கு எப்படி நிறவெறி வரும்? எவ்வளவு வசதியான வாதம். கோயிலில் கும்பிடுகிற அதே நிறத்தைத்தான், பெண் பார்த்துவிட்டு வந்து தரகரிடம் 'கலர் கொஞ்சம் கம்மி' என்கிறோம்.

செல்வம் மைக்கைக் கிட்டே இழுத்தார். "ஒத்தக்கடை டீம், பத்தாம் நம்பர்... குவாமே." பிறகு கோல் வலைப் பக்கம் திரும்பி, "அங்கிட்டுக் கத்துறவங்க இத்தோட நிறுத்திக்கங்கப்பா" என்றார்.

குவாமே எழுந்து ஆடப் போனார்.

கோப்பை கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். கையில் எடுத்த அந்தப் பந்தைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார் மேனேஜர். அடுத்த டோர்னமென்ட்டுக்குக் கூப்பிடுவாரா, தெரியாது. மஞ்சள் கார்டு குவாமேவுக்கு மட்டும்தான். கத்தியவர்களுக்குக் காட்ட ரெஃப்ரியிடம் கார்டு இல்லையே.

மேட்ச் முடிந்ததும் அந்தக் கும்பலே போனைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"அண்ணே, ஒரு செல்ஃபி."

"எடுக்கலாம். எம் பேரு என்ன?"

முன்னால் நின்றவன் திருதிருவென விழித்தான்.

"அடுத்த ஆள் வாங்க" என்றார் குவாமே.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் மனப்பாடம் செய்ய ஆரம்பித்திருந்தார்கள்.