அசனத்துக்கு நேர்ந்த கிடா

இவ்வளவு அநியாயம் நடக்கிற நாட்டுக்கு நம் ஆட்கள் போய் மேட்ச் ஆடலாமா, கூடாதா என்று டிவியில் ஆளுக்கு ஆள் கத்துகிறார்கள். பேரன் இதை ஏதோ புதுச் சண்டை என்று நினைக்கிறான். எனக்குப் பத்து வயதில் இதே சண்டை தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. அப்போது எங்கள் தெரு தாண்டினால் வயல். இன்றைக்கு வண்டலூர்ப் புலி இங்கேயே வந்து உறுமினாலும் லாரிச் சத்தத்தில் கேட்காது. அது கிடக்கட்டும்.

மாமாவுக்கு ரயில்வேயில் வேலை, டென்னிஸில் பைத்தியம். மட்டையைத் தொட்டதே இல்லை, எல்லாம் ரேடியோவில் கேட்டதுதான். அந்த வருஷம் பெரிய கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு இந்தியா வந்துவிட்டது. எதிரில் தென்னாப்பிரிக்கா. கோப்பை கிடைத்தால் அசனத்துக்குக் கிடா தருவதாக மாமா சர்ச்சில் முழங்கால் போட்டுப் பொருத்தனை செய்தார். அசனம் என்பது வருஷத்துக்கு ஒருமுறை சபை முழுக்கச் சேர்ந்து சாப்பிடும் கறிச்சோறு. கிடாவோ நான் வளர்த்தது. வேறு யார் கையிலும் தழை தின்னாது.

அதற்குள், நிறவெறி பிடித்த அந்த நாட்டோடு ஆடவே கூடாது என்று டில்லியில் பேச்சு கிளம்பியது. ஆடாவிட்டால் கோப்பை அவர்களுக்கு. மாமா கொதித்தார். “அவனுங்க வூட்லயே போய் அடிச்சிட்டு வரணும். இங்க குந்திகினா எவன் பயப்படுவான்?”

நான் ஆடக்கூடாது கட்சி. டீக்கடையில் பொறுக்கிய ‘நிறவெறி’யைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா சிரித்தாள். “இவன் நியாயத்துக்கா பேசுறான்? கிடாவுக்குப் பேசுறான்.”

எங்கள் மாடி அறையில் ஒரு காலேஜ் பையன் குடியிருந்தான். அந்த நாட்டிலிருந்து படிக்க வந்தவன், ஆனால் நம் முகம். கரும்பு வெட்டக் கப்பலேறிய தமிழர்களின் வம்சம். ஒரு சாயங்காலம் மாமா அவனிடமே நியாயம் கேட்டார். அவன் தமிழைத் தேடித் தேடிச் சொன்னான்.

“எங்க ஊர் மைதானத்துல எங்களுக்கு வேற கேட், அங்கிள். வேற இடம். நீங்க வந்து ஆடினாலும் நான் அந்த கேட்லதான் வரணும்.”

மாமா, “பக்கத்துல குந்தவே வுட மாட்டானுங்களா?” என்று மட்டும் கேட்டார். மாட்டார்கள் என்று அவன் தலையாட்டினான்.

இந்தியா போகவில்லை. கோப்பை கைவிட்டுப் போனது. நான் கிடாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அசனத்தன்று காலையில் மாமா கிடாவின் கயிற்றை அவிழ்த்தார். கோப்பைதான் வரவில்லையே என்று அழுதேன்.

“போவாம நின்னோம்ல, அதாண்டா ஜெயம். கர்த்தருக்குச் சொன்னா சொன்னதுதான்.”

சர்ச்சில், வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும் பந்தலுக்குள் உட்காருவார்கள். காலனி ஜனங்கள் கிணற்றடியில். யாரும் சொன்னதில்லை, எப்போதும் அப்படித்தான். மாமாவின் இடம் போதகருக்குப் பக்கத்தில். அன்று அவர் இலையை எடுத்துக்கொண்டு, மாடி வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு, கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சபை மூப்பர் எழுந்து அவரிடம் போனார்.

“இன்னாய்யா, உனக்கு உள்ள எடம் கீதே?”

“இங்கயும் கீது,” என்று மாமா சோற்றைப் பிசைந்தார்.

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். கிடாவை அறுத்துவிட்டு என் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத்தான் அத்தனை தூரம் போயிருக்கிறார் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.