மடி மாறிப் போன செம்பருத்தி

கூட்ட ட்ரெயின்ல ஒத்தக் கையால கம்பியப் புடிச்சிக்கிட்டு, கொலைகாரன் யாருன்னு கண்டுபுடிச்சிருக்கீங்களா? நான் கிட்டத்தட்ட கண்டுபுடிச்சேன். அதுக்குள்ள அம்மாவோட செடி போயிடுச்சு.

ஸ்கூல் புக்குல இலையுதிர்காலம்னு ஒண்ணு வரும், ரொம்ப அழகா. தாம்பரத்துல ஐப்பசிக்கு உதிர்றது எங்க மாடி சிமெண்ட் மட்டும்தான். ஆனா அந்த ஈரத்துல எத நட்டாலும் புடிச்சிக்கும், அதனால தெருவே மாடித்தோட்டம்னு கிளம்பிடும். எங்க வீட்ல மூணு தொட்டி, மூணும் செவப்பு செம்பருத்தி. எதிர்வீட்டு அக்கா மாடில மஞ்சள் செம்பருத்தி பூத்துச்சு பாருங்க, அன்னிலேர்ந்து அம்மாவுக்கு சோறு எறங்கல. புதுசா ஒரு தொட்டி வாங்கி, மண்ணு ரொப்பி, காலியா வெச்சிட்டு என்னையே பாத்தாங்க.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு நானே வாலண்டியரா போனேன். பாசம்லாம் ஒண்ணும் இல்ல. போக வர ட்ரெயின்ல துப்பறியும் நாவல முடிச்சிடலாம்னுதான்.

செடிக்காரர்கிட்ட, "அண்ணா, மஞ்சள்தானே? மொட்டு பச்சையா இருக்கு?"

"மொட்டு பச்சையா இல்லாம இன்னா கலர்ல இருக்கும்? தங்கம் மாரி பூக்கும், எடுத்துனு போ."

திரும்புற ட்ரெயின்ல நிக்கவே எடமில்ல. நம்ம லைன்ல ஒரு பழக்கம் உண்டு: நிக்கிறவங்க பைய உக்காந்திருக்கிறவங்க மடில வாங்கி வெச்சிப்பாங்க, கேக்கக்கூட வேணாம். ஒரு ஆன்ட்டி செடிய வாங்கிக்கிட்டாங்க. செம. நான் கடைசி சேப்டருக்குள்ள போயிட்டேன்.

குரோம்பேட்டைல, "தம்பி, நான் எறங்கணும், செடி?"

"ம்."

அந்த "ம்"ம நம்பி, பக்கத்துல இருந்த அக்கா மடில வெச்சிட்டு எறங்கிட்டாங்க. தாம்பரம் வந்துச்சு. கூட்டம் என்னையும் சேத்து வெளிய தள்ளிடுச்சு. பிளாட்பாரத்துல நிக்கிறேன், கைல புக்கு, விரல் கரெக்டா விட்ட பக்கத்துல. அது செங்கல்பட்டு வண்டி, கிளம்பிடுச்சு. ஜன்னல்லேர்ந்து சத்தம்.

"ஏய் தம்பி! செடி!"

"குடுங்கக்கா!"

"இந்தக் கம்பில எப்படிடா நுழையும்? பெருங்களத்தூர்ல எறங்குவேன், வந்து வாங்கிக்க!"

அடுத்த வண்டியப் புடிச்சேன். இந்தத் தடவ உக்கார சீட்டே கெடச்சுது, ஒரு வரி படிக்க முடியல. காலித் தொட்டியும் அம்மா மூஞ்சியும்தான் மாறி மாறி வந்துச்சு. பெருங்களத்தூர்ல தூறல். அந்த அக்கா துப்பட்டாவ செடிக்குப் போத்திட்டு, தான் நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"அப்படி இன்னா கீது அந்த புக்குல?"

"கொலைக்கா."

"செடி இல்லாம போயிருந்தீனா உங்க வூட்லயும் ஒண்ணு நடந்திருக்கும்."

வீட்ல அம்மா மொட்டத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. "நசுங்காம எடுத்துனு வந்தியா?"

"மடிலயே வந்துச்சும்மா"ன்னேன். பொய் இல்லல்ல.

தொட்டிய எதிர்வீட்டுக்குத் தெரியற மாதிரி கைப்பிடிச் சுவர் ஓரமா தள்ளி வெச்சாங்க. தெனம் காபி டம்ளரோட மேல போய் மொட்டு முன்னாடி நிப்பாங்க. எதிர்வீட்டு அக்காகிட்ட, "எங்களுதும் மஞ்சள்தான்"னு அட்வான்ஸாவே சொல்லி வெச்சாச்சு.

இன்னிக்குக் காலைல மொட்டு விரிஞ்சுது. இப்போ எங்க மாடில நாலு தொட்டி, நாலும் செவப்பு.