எலும்புக்குத் தெரிந்த வயது

விஜயகுமாரி சிரிக்கும்போது வாயை மூட மாட்டாள். நாற்பத்திரண்டு வயதில் அது அவளுக்கு ஒரு கொள்கை. கீழ்த்தாடை உள்ளே போய், மேல்வரிசைப் பல் முன்னால் துருத்தி நிற்கும் முகம். சின்ன வயதில் போட்டோ எடுக்கும்போதெல்லாம் "வாயை மூடுடி" என்று அதட்டிய சொந்தக்காரர்கள் இன்று கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டால், வேண்டுமென்றே முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துவிட்டுத்தான் நகர்வாள்.

சைனிக்புரியில் ஒரு பல் மருத்துவமனையில் பதினாறு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் தாடையைத்தான் முதலில் காட்டினாள். எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டது, இனி ஆபரேஷன்தான், பன்னிரண்டு வயதில் வந்திருந்தால் வாயில் ஒரு கிளிப்பை மாட்டியே தாடையை முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள். அந்தப் பன்னிரண்டு வயதில் அவளை யாரும் எங்கேயும் அழைத்துப் போகவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

ஆகவே தம்பி பிரசாத்தின் மகள் ஹர்ஷிதாவுக்கும் அதே தாடை என்று தெரிந்ததும், நச்சரித்து நச்சரித்து இருவரையும் மருத்துவமனைக்கு வரவழைத்தாள். ஹர்ஷிதா நல்ல பாட்மிண்டன் ஆட்டக்காரி. வலது கையில் ராக்கெட் இருக்கும். பேச வேண்டி வந்தால் இடது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும்.

டாக்டர் பத்மஜா ஆதார் கார்டைப் பார்த்தார். பத்து வயது. பல் கொஞ்சம் சீக்கிரம் முளைத்திருக்கிறது, ஆனால் தாடை வேகமாக வளரும் பருவத்துக்கு இன்னும் நாளிருக்கிறது, இரண்டு வருடம் கழித்து வாருங்கள் என்றார். பிரசாத் உடனே எழுந்துவிட்டான்.

விஜயகுமாரிக்கு உண்மை தெரியும். கார்டில் இருப்பது பொய். பாட்மிண்டன் அகாடமியில் சேர்ப்பதற்காகப் புதுப் பிறப்புச் சான்றிதழ் ஒன்று வாங்கி, ஆதாரிலும் மகளின் வயதில் இரண்டைக் குறைத்திருந்தான் பிரசாத். அங்கே பல அப்பாக்கள் செய்கிற காரியம்தான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைகளோடு மோதினால் கோப்பை வீட்டுக்கு வரும். பிறந்தநாள் கேக்கில்கூட இரண்டு மெழுகுவர்த்தி குறைத்து வைக்கிற குடும்பம். ஆனால் தாடை ஆதாரைப் பார்த்து வளர்வதில்லை. இரண்டு வருடம் போனால் இவளுக்கும் ஆபரேஷன்தான்.

"உட்காருடா," என்றாள் தம்பியிடம். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "மேடம், இவளுக்குப் பன்னிரண்டு முடிஞ்சிடுச்சு. பிறந்தன்னைக்குக் கையில வாங்கினவ நான். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க, எலும்பே சொல்லும்."

எலும்பை வைத்து வயதைக் கண்டுபிடிப்பார்கள் என்றால் அகாடமி அப்பாக்களுக்குக் குலை நடுங்கும்.

"எதுக்கு அக்கா இப்படிப் பண்றே? அடுத்த மாசம் அண்டர் லெவன் செலக்ஷன். இந்தப் படம் வெளிய போச்சுன்னா இவ ஃப்யூச்சரே போச்சு."

"போகட்டும். கோப்பைய வெச்சு சோத்த மெல்லுவாளா?"

டாக்டர் ஒரு படிவத்தைப் பிரசாத் முன்னால் நகர்த்தினார். அப்பா கையெழுத்துப் போட்டால்தான் படம் எடுப்போம் என்று முடித்துக்கொண்டார். பிரசாத் அதைத் தொடவில்லை.

"வாம்மா, போலாம்," என்றான் மகளிடம்.

"நக்கோ டாடி."

வீட்டில் எத்தனை தமிழ் பேசினாலும், மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு இந்த ஊர் உருது வார்த்தைதான் வரும். எழுந்து நேராக எக்ஸ்ரே அறைக்குள் போனாள். விஜயகுமாரி பின்னாலேயே ஓடினாள். அதற்குள் ஹர்ஷிதா இடது கையைப் பலகைமேல் வைத்து விரல்களை விரித்திருந்தாள்.

"கைய ஆட்டாதே," என்றாள் அத்தை, தொழில் பழக்கத்தில்.

"ஆட்ட மாட்டேன் அத்தை." திறந்திருந்த கதவு வழியாக அப்பாவுக்குக் கேட்கும்படி மேலும் சொன்னாள். "நான் அண்டர் தர்ட்டீன்ல ஆடறேன் டாடி. தோத்தா தோத்துட்டுப் போறேன். சின்னப் பசங்கள ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கு வெக்கமா இருக்கு."

வாயை மூட அந்தக் கை எழவில்லை. முன்பல் அத்தனையும் தெரியப் பேசினாள். விஜயகுமாரிக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் அவள் மறைக்கவில்லை.

"கையெழுத்தப் போடுடா," என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். "நீ போடற வரைக்கும் இவ கைய எடுக்க மாட்டா. நானும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

பிரசாத் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான்.