முற்றத்தில் நட்ட ஐம்பத்து நாலு

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் ஒன்று உண்டு. ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. ‘ஐம்பத்து நாலு வீடு’ என்றால்தான் தெரியும். அது என் தம்பி கோல்பியின் சட்டை எண். ஆகஸ்ட் பிறந்தால் பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூட்டமாக வந்து, ஆட்டக்காரன் வீட்டு வாசல் புல்லில் அவன் பெயரும் எண்ணும் எழுதிய பலகையைச் சுத்தியலால் அடித்து நட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் அப்பா எண்ணெய்க் கிணற்றுக்கு லாரி ஓட்டுகிறவர். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அந்தப் பலகையைத் துடைப்பார். லாரியைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

கோல்பி ஆறு வயதில் அமெரிக்கக் கால்பந்துக்காக ஹெல்மெட் மாட்டியவன். அப்போது அது அவன் தலையைவிடப் பெரிது. அம்மா உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்து அனுப்புவாள். அவன் எட்டாவது படிக்கையில் அம்மா புற்றுநோயில் போய்விட்டாள். அதன் பிறகு அவன் ஆட்டத்தில் ஒரு வெறி வந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவனைக் குறுக்கே பாய்ந்து சாய்ப்பதுதான் அவன் வேலை. சாய்த்தால் அந்தச் சத்தம் மைதானத்தில் ஜனங்கள் உட்காரும் மேல்படி வரைக்கும் கேட்கும். பன்னிரண்டாவது தொடங்குவதற்குள் ஒரு கல்லூரி, ‘வந்துவிடு, படிப்பு எங்கள் செலவு’ என்றது. அதோடு அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, ஊர்ப் பிள்ளை ஆகிவிட்டான். முடி வெட்டினால் காசு வாங்க மாட்டார்கள். பார்பிக்யூ கடைக்கார ப்ரூவர் அம்மாள் தட்டு நிறைய இறைச்சி வைத்துவிட்டு, தின்று முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

“வெள்ளிக்கிழமை ஆட்டத்தை ஜெயிச்சுக் குடுத்துடுவல்ல கண்ணு?”

“குடுத்துடுறேன் ஆன்ட்டி.”

பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் அவன் தலையில் இடித்தது. எழுந்து கையை ஆட்டினான், ஊர் கூச்சல் போட்டது. மறுநாள் காலை பாலைக் கிண்ணத்தில் ஊற்றாமல் மேஜைமேல் ஊற்றினான். விளக்கைப் போட்டால் கண்ணைப் பொத்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்தபடி நின்றவன் என் பக்கம் திரும்பி, “அம்மா இன்னும் கடையிலேருந்து வரலியாக்கா?” என்றான்.

ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தி அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

திங்கட்கிழமை அவனைப் பள்ளிக்கு இழுத்துப் போனேன். அடிபட்ட பையன்களைப் பார்ப்பதற்கென்று அங்கே டெனிஸ் இருக்கிறாள். ஆகஸ்டில் எல்லாப் பையன்களுக்கும் கணினியில் ஒரு ஞாபகப் பரீட்சை வைப்பாள். தலையில் அடிபட்டால் அதையே மறுபடி வைத்து ஒப்பிடுவாள். மதிப்பெண் குறைந்திருந்தால் ஆடக் கூடாது. கோல்பி எழுதி முடித்தான். டெனிஸ் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒரு வித்தியாசமும் இல்ல ரேலீன். ஆகஸ்ட்ல எப்படி இருந்தானோ அப்படியேதான் இருக்கான்.”

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். “ஆகஸ்ட்ல என்னடா பண்ணின?”

“எல்லாரும் பண்றதுதான்க்கா. வேணும்னே தப்பா எழுதினேன். அப்பத்தானே அடிபட்டாலும் வெளிய உக்கார வைக்க மாட்டாங்க.”

“எல்லாரும்னா?”

“டீம் முழுக்க. பெரிய பசங்க சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க.”

“அறிவுகெட்ட முண்டங்களா! இறங்கு. போய் டெனிஸ்கிட்ட சொல்லு.”

“சொன்னா டீமையே உக்கார வெச்சுடுவாங்க. ப்ளேஆஃப் வருது. இந்த ஊர்ல என்னை உசுரோட விடுவாங்களா? நீயும் சொல்லிடாதக்கா.”

தலை வலிக்கிறது என்று மட்டும் கோச் ஹோல்கமிடம் சொல்லிப் பார்த்தான். “பரீட்சைதான் பாஸ் பண்ணிட்டியே தம்பி? பயமா இருக்கா? பரவால்ல, எல்லாருக்கும் வரும்” என்று அவர் தோளில் தட்டினாராம். பயம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் ஆண்பிள்ளை அதற்கு மேல் வாய் திறக்க முடியாது. நான் அப்பாவிடம் போனேன்.

“மெஷினே சரின்னு சொல்லுது. நீ என்ன டாக்டரா?”

நகரத்து மூளை டாக்டரிடம் அடுத்த திங்கட்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. அந்த ஒரு ஆட்டத்தில் அவன் தலையில் இன்னொரு இடி விழக் கூடாது. எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அது சொந்த மைதானத்தில் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். பன்னிரண்டாவது பையன்களை அன்று பெற்றவர்கள் கைகோத்து மைதான நடுவுக்கு அழைத்துப் போவார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். பையன் அம்மாவுக்கு ஒரு பூவைக் கொடுத்துவிட்டு அணியோடு போய்ச் சேர வேண்டும். அம்மா இடத்தில் நான். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நான், நடுவில் ஐம்பத்து நாலு. பெயரைச் சொன்னார்கள். பூவைக் கொடுத்தான். அப்பா கையை விட்டுவிட்டு ஊரோடு சேர்ந்து கைதட்டினார். என் கை மட்டும் அவன் கையோடு அப்படியே இருந்தது.

முதலில் ஊர் சிரித்தது. பிறகு ஊளையிட்டது. கோச் ஓடி வந்தார்.

“ரேலீன், விடும்மா, ஊரே பாக்குது.”

“பாக்கட்டும்! இவனுக்குத் தலை சரியில்ல. என்னைத் தாண்டித்தான் இவனை உள்ள கொண்டுபோகணும்.”

“விடுக்கா! மானம் போகுது!” என்று கோல்பி மேல்படிக்குக் கேட்கும்படி கத்தினான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவனை வெளியே இழுத்து வந்து காரில் ஏற்றினேன். அவனில்லாமல் ஆடினார்கள், தோற்றார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் மூளை ஸ்கேன் படத்தைப் பார்த்தார். இன்னொரு அடி பட்டிருந்தால் எழுந்திருக்கவே மாட்டான் என்றார். ஆட்டம் அன்றோடு முடிந்தது. கல்லூரி வருத்தம் தெரிவித்து ஒதுங்கிக்கொண்டது. பரீட்சை விஷயத்தையும் நான் டெனிஸிடம் போட்டு உடைத்தேன். பாதி அணியை உட்கார வைத்தாள், ப்ளேஆஃப் அதோடு சரி. வாசல் பலகையை யாரோ பிடுங்கி முறித்துப் போட்டார்கள்.

கோல்பி இப்போது டயர் கடையில் வேலை செய்கிறான். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறான். ப்ரூவர் அம்மாள் கார் கொண்டுவரும்போதெல்லாம் சொல்கிறாள்: “உங்க அக்கா உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டா கண்ணு.” அவன் குனிந்து போல்ட்டை முடுக்குகிறான். இந்த ஊரில் இருக்கிற வரை அவனால் வேறு பதில் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். பைத்தியக்காரி பட்டம் எனக்கு ஒன்றும் பாரமில்லை.

மைதான நடுவில் ஊர் கைதட்டியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தைரியம் போய்விட்டது. அவன் கையை விட்டுவிட்டேன். விடு விடு என்று கத்தியவன்தான் என் கையை விடாமல் பிடித்திருந்தான். அவன் விரல்கள் பதிந்த இடம் ஒரு வாரம் என் கையில் கன்றிப்போய்க் கிடந்தது.