பழனிவேல் லேப்டாப் வாங்கிய கதை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடும் அந்தத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் பழனிவேலைத் தெரியாதவர்கள் குறைவு. படியில் ஒரு காலை வைத்துவிட்டு, அடுத்த வண்டியில் போகலாமா என்று யாராவது தயங்கினால் போதும். "ஏறும்மா, ஏறு. உள்ள போய் யோசிச்சிக்கலாம்" என்பார். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கையில் டிக்கெட் இருக்கும், வண்டி ஊரைத் தாண்டியிருக்கும்.

ஊரில் ஒருவரையும் யோசிக்க விடாத இந்த மனிதர், மகளுக்கு லேப்டாப் வாங்கச் சித்திரையில் யோசிக்கத் தொடங்கினார். ஆடி பிறந்தும் யோசனை தீரவில்லை.

பணத்தில் குறையில்லை. வண்டி இரண்டு ஊருக்கும் போய்வருவதுதான் வினையாகிவிட்டது. கடலூரில் வண்டி நிற்கும் நேரத்தில் டீ கூடக் குடிக்காமல் ஒரு கடைக்கு ஓடுவார். சிதம்பரத்தில் இன்னொரு கடை. "கடலூர்ல பையும் மவுசும் சும்மா தர்றான். நீ இன்னா தர்றே?" என்பார். சிதம்பரத்துக் கடைக்காரர், "நம்மகிட்ட ராம் பதினாறு சார்" என்பார். அந்தப் பதினாறைக் கடலூருக்குக் கொண்டுபோனால், "பதினாறு இருந்தா ஆச்சா? ப்ராசஸர் போன வருஷத்துது" என்பார் அங்குள்ளவர். உடனே அந்தப் பழைய ப்ராசஸர் சிதம்பரத்துக்குப் பயணமாகும். அந்தப் பாதையில் டிக்கெட் எடுக்காமல் அத்தனை தடவை போய்வந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

நடுவில் பயணிகளும் சும்மா இருக்கவில்லை. கல்லூரிப் பையன் ஒருவன் விளக்கினான்: "ராம்னா வண்டியில நிக்கிற எடம் மாதிரி அங்கிள். ஸ்டோரேஜ்னா டிக்கி. ப்ராசஸர்தான் டிரைவர்."

பழனிவேலுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. ஆபத்தே அதில்தான் வந்தது. "கடலூர்க்காரன் ராம் எட்டு போதுங்கறான் மச்சான். தீவாளிக் கூட்டம் ஏறுனா இன்னா பண்றது?" என்று டிரைவர் லூர்துசாமியின் முதுகுக்குப் பின்னால் நின்று புலம்புவார். லூர்துசாமி பதிலுக்கு ஹாரனை அழுத்துவார்.

மகள் இலக்கியாவை ஒரு கம்பெனி பயிற்சிக்கு எடுத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யும் வேலை, ஆனால் லேப்டாப் சொந்தமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பயிற்சி தொடங்கும்போது அவள் இல்லையென்றால், அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். வியாழக்கிழமை காலையில் அவள் அதை மறுபடி நினைவுபடுத்தினாள்.

"ராத்திரி கடலூர்ல கடைசியா ஒருவாட்டி பாத்துட்டு முடிச்சிடறேன்" என்றார் அப்பா. கடைசியாக ஒருவாட்டி என்று அவர் சொல்வது அது முதல் தடவையில்லை.

அன்று மாலை சிதம்பரத்தில் கிளம்பும்போதே வண்டி நிறைந்துவிட்டது. பழனிவேல் வழக்கம்போல ஒரு மாணவனிடம் ஆரம்பித்தார். "தம்பி, பன்னெண்டாவது ஜெனரேஷனுக்கும் பதிமூணுக்கும் ரொம்ப வித்தியாசமா?"

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து பதில் வந்தது. "ஒரு வித்தியாசமும் இல்ல. நாளைக்குக் காலைல ரெண்டுமே என் கையில இருக்காது."

திரும்பிப் பார்த்தார். கல்லூரியில் சான்றிதழ் வாங்கப் போயிருந்த இலக்கியா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவள் சிரிக்கவில்லை. "இந்த வண்டி கடலூர் போறதுக்குள்ள அங்க கடைய சாத்திடுவாங்கப்பா" என்றபோது குரல் உடைந்தது.

பழனிவேலின் விரல், கிழிக்காத டிக்கெட்டின் மேல் அப்படியே நின்றது. லூர்துசாமி கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். வண்டியை இடதுபக்கம் ஒடித்து நிறுத்தினார். வண்டி இன்னும் ஊரைத் தாண்டவில்லை; நேர் எதிரே சிதம்பரத்துக் கடை.

"எறங்கு மச்சான்."

"டைமு? பின்னாடி வண்டி வந்துடுமே!"

"வந்து முந்திக்கினு போவட்டும். சித்திரையிலேர்ந்து என் முதுவு கேக்குது இந்தக் கதைய."

பழனிவேல் படியில் ஒரு காலை வைத்தார். நின்றார். "இல்ல, கடலூர்ல பை தர்றான்..."

பரங்கிப்பேட்டைக்குப் போகும் மீன்காரம்மா காலிக் கூடைக்கு மேலே தலையை நீட்டினாள். "எறங்குய்யா, எறங்கு. உள்ள போய் யோசிச்சிக்கலாம்!"

வண்டியே சிரித்தது. இலக்கியாவும் சிரித்துவிட்டாள்.

கடைக்காரர் பழக்கதோஷத்தில், "இன்னிக்குக் கடலூர்ல இன்னா சொன்னாங்க சார்?" என்றார். பழனிவேல் வாயைத் திறப்பதற்குள் இலக்கியா பதினாறு ராம் உள்ளதைக் காட்டினாள். "இதான்ப்பா. அந்த எட்டுல பின்னால சேக்க முடியாது. ப்ராசஸர் ஒரு வருஷம் பழசானா ஒண்ணும் ஆயிடாது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வைகாசியிலயே பாத்து வச்சிட்டேன். நீ கேக்கவே இல்லியே."

வெளியே ஹாரன் அடித்தது. பழனிவேல் பணத்தை எடுத்து வைத்தார்.

அவர்கள் பெட்டியோடு ஏறும்போது பின்னால் வந்த வண்டி முந்திக்கொண்டு போனது. அதன் கண்டக்டர் கையை வேறு ஆட்டினான். மீன்காரம்மா நகர்ந்து இலக்கியாவுக்கு இடம் கொடுத்தாள். அவள் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

அந்த மாணவன் மெல்ல எட்டிப் பார்த்தான். "அங்கிள், அடுத்த மாசம் இதுலயே புது மாடல் வருதாம். வெலயும் கொறையுமாம்."

பழனிவேலின் முகம் ஒரு கணம் கடலூர்ப் பக்கமாகத் திரும்பியது. பிறகு மகளின் மடியைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்து, அந்தப் பையன் மேலும் எதுவும் சொல்ல முடியாதபடி நீளமாக ஊதினார்.

"போலாம், ரைட்!"