பீலியடியில் விடுபட்ட சொல்

1. பத்தாம் வகுப்புச் சோதனையில் கணிதமும் விஞ்ஞானமும் பாஸானேன்.
2. மோட்டாருக்குக் கம்பி சுற்றப் பழகி வந்தால் தேயிலைத் தொழிற்சாலையில் ஓர் இடம் தருவதாக தொழிற்சாலைக்குப் பொறுப்பான எங்கள் தோட்டத்து டீமேக்கர் அப்பாவிடம் சொன்னார்.
3. பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் பழகச் சேர்ந்தேன்.
4. அம்மா பீலியடியில் ஒரு வார்த்தை சொன்னாள்.
5. இடம் போயிற்று.

நாலாவதைத்தான் விளக்கி எழுத வேண்டும். மற்ற நான்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தவை.

எங்கள் தோட்டம் பசறைப் பாதையில் இருக்கிறது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததற்கு அடுத்த வருடம் நான் படித்து முடித்தேன். அங்கே பெண்பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும் போகிற இடம் ஒன்றுதான். பெயர் பதிவார்கள். செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று எந்த மலை என்று கேட்டுக்கொண்டு கூடையோடு நடக்க வேண்டும். அம்மா அப்படிப் போனவள். நான் அப்படிப் போகாமலிருக்க டீமேக்கர் சொன்ன வழியைத் தவிர வேறு வழி இல்லை.

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் காற்றாடி, அரைக்கும் உருளை எல்லாம் மோட்டாரில் ஓடுகின்றன. ஒன்று கருகினால் லொறியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அதற்குள் மாடியில் கிடக்கும் கொழுந்து கெட்டுவிடும். "தோட்டத்துலயே கம்பி சுத்தத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருந்தா எனக்கு நிம்மதி" என்று டீமேக்கர் ஒருநாள் சொல்ல, வாட்டும் மாடியில் வேலை செய்த அப்பா, "எம் மகள அனுப்பட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். டீமேக்கர் முதலில் சிரித்தாராம். பிறகு, "அனுப்பு. பழகி முடிச்சிட்டாள்னு மொதலாளிகிட்ட ஒரு துண்டுக் கடுதாசி வாங்கிட்டு வரட்டும். மத்தத நான் தொரகிட்ட பேசுறேன்" என்றாராம்.

கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் முதலாளி பல்பும் வயரும் விற்றார். மோட்டார் வேலை பின்பக்கம். அதைச் செய்தவர் முதலாளியின் தங்கை மகன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் அது அண்ணன். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முதல் நாள் அவர் என் கையைப் பார்த்தார்.

"கொழுந்து எடுத்த கையா?"

"இன்னும் எடுக்கல நானா."

"அப்ப நல்லம். வெரல் மொரடாகல்ல. இந்தக் கம்பி பொல்லாதது. இழுத்தா அந்துரும், விட்டா சுருண்டுரும். மாமி மாதிரி."

"யார்ரா மாமி?" என்று முன்பக்கத்திலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"ஒங்கட பொஞ்சாதிய சொல்லல்ல மாமா."

கருகிய கம்பியை வெட்டி இழுப்பது, பழைய சுருளில் எத்தனை சுற்று என்று எண்ணுவது, மர அச்சில் அதே எண்ணிக்கைக்குப் புதுக்கம்பி சுற்றுவது, மோட்டாரின் உள் காடிகளில் காகிதம் வைத்துச் சுருளை இறக்கி மூங்கில் சீவலால் அடைப்பது, நாடாவால் கட்டி வார்னிஷ் ஊற்றிப் பல்பு வெளிச்சச் சூட்டில் காய வைப்பது. இந்த வரிசையில்தான் பழகினேன். பொறுமையும் எண்ணிக்கையும் எனக்கு இயல்பாகவே உண்டு. நானா வேண்டுமென்றே என் எண்ணிக்கையைக் கலைப்பார்.

"நூத்தி எத்தின?"

"எண்ணும்போது பேசாதீங்க நானா."

"எண்ணத் தெரிஞ்சவளுக்கு பேச்சு ஒரு கேடா?"

ஒரு அரைவை ஆலையின் மோட்டாரைத் தனியாகச் சுற்றி முடித்தேன். சுவிட்சைப் போட்டவர் முதலாளி. அது சீராக இரைந்து ஓடியது. அவர் அதன் முதுகில் கை வைத்து, சுடுகிறதா என்று வெகுநேரம் பார்த்தார். "ஓடுது புள்ள. இன்னும் ரெண்டு பெரிய மோட்டார இப்பிடிச் சுத்து. துண்டு எழுதித் தாறன்" என்றார். அன்று மாலை பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன். அது எனக்குத் தெரியவேயில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்த மகிழ்ச்சியைப் பீலியடிக்குக் கொண்டுபோனாள்.

பீலி என்பது லயத்துக்கு மேலே, மலையிலிருந்து வரும் தண்ணீர் விழுகிற குழாய். பெண்கள் எல்லோரும் அங்கேதான் குடம் நிறைப்பார்கள். அன்று நான் அங்கே இல்லை. பக்கத்துக் காம்பராவில், அதாவது லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், இருக்கும் அக்கா பிற்பாடு சொன்னதை எழுதுகிறேன்.

"ஒம் மக தெனம் பவுடர் போட்டுக்கிட்டு டவுனுக்குப் போறாளே, என்ன சங்கதி?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

"அவ பாய் கடையில நானாகிட்ட பழகுறா. இன்னும் கொஞ்ச நாள்ல முடிஞ்சிரும்."

"முடிஞ்சிருமா? அடியாத்தே, இப்பத்தானே ஆரம்பிச்சா!"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் முன்னேறுகிறாள் என்று அவர்களுக்கும் சந்தோஷம் போலும் என நினைத்து அம்மாவும் கூடச் சிரித்தாளாம்.

எங்கள் பேச்சில் தொழில் கற்பதைப் பழகுவது என்போம். அவன் லொறி பழகுகிறான், இவள் தையல் பழகுகிறாள். ஆனால் ஒரு பெண் ஒரு ஆணிடம் பழகுகிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். 'வேலை பழகுறா' என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும். குடம் நிறைந்து வழிந்தது, பின்னால் ஆள் நின்றது. அவசரத்தில் 'வேலை' விடுபட்டுவிட்டது.

அந்த வாரமே தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் கடைக்கு வந்து பல்பு விலை கேட்டார்கள். கேட்டது முதலாளியிடம், பார்த்தது பின்பக்கத்தில் இருந்த நானாவை. "இதுவா? இதுதானா?" என்று ஒருத்தி மற்றவள் காதில் கேட்டது எனக்கும் கேட்டது. லயத்தில் எந்த வீட்டிலும் லைட் இல்லை, இவர்களுக்கு எதற்குப் பல்பு என்று நான் நினைத்தேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

பிறகு ஒரு பிற்பகல், நானா தொழுகைக்குப் போயிருந்த நேரம், முதலாளி என்னை முன்பக்கம் கூப்பிட்டார்.

"புள்ள, ஒன்ட மேல குத்தமில்ல. இவன்ட மேலயும் இல்ல. வெலிமடையில இவனுக்குப் பொண்ணு பேசி ஈக்கிது. அவங்கட காதுக்கும் கத போய்ச் சேந்துட்டு. நாளைக்கு நீ வர வாணாம்."

என்ன கதை என்று கேட்டேன். சொன்னார்.

"துண்டு மட்டும் தாங்க மொதலாளி."

"முடிக்காத வேலைக்கு எப்பிடி எழுதுற? எழுதினாலும், இந்தக் கத கேட்ட பொறகு ஒங்கட டீமேக்கர் எடுப்பாரா?"

அவர் சொன்னது சரி. பாதி சுற்றிய சுருளை அச்சிலேயே விட்டுவிட்டு, மூங்கில் சீவும் கத்தியைத் துடைத்து வைத்தேன். குடையை எடுக்கும்போது நானா திரும்பி வந்தார். மாமா முகத்தையும் என் குடையையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"மழ வருது. பார்த்துப் போங்க" என்றார்.

அதுவரை என்னிடம் போ, வா என்றுதான் பேசியவர். அன்றைக்குத்தான் 'போங்க' வந்தது.

மறுநாள் அப்பா டீமேக்கரிடம் போனார். "பெக்டரிக்குள்ள முழுக்க ஆம்பளைங்க. ஏற்கனவே பேச்சு இருக்கிற புள்ளய நான் கொண்டாந்து வச்சா, தொர என்னையத்தான் கேப்பாரு" என்றாராம் அவர். அப்பா வந்து சேற்றுக்காலைக் கழுவாமலே உட்கார்ந்தார். "பேர் பதிஞ்சிருவோம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் பேச்சைத் திருத்தப் பார்த்தேன். பீலியடியில் எல்லோரும் இருக்கும்போது, "நான் அங்க வேலதான் பழகினேன்" என்று நிதானமாகச் சொன்னேன்.

"ஆமாமா, வேலதான்" என்றாள் ஒருத்தி. "நல்ல வேல!" என்றாள் அடுத்தவள். குடங்கள் ஆடுமளவுக்குச் சிரித்தார்கள். விடுபட்ட சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதுவும் கெட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்வதில்லை.

அம்மாவுக்குக் கதை தெரியும். எங்கே தொடங்கியது என்று தெரியாது. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம், "எவ நாக்கு இதக் கெளப்புச்சோ, அந்த நாக்கு புழுத்துப் போகும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சபிப்பாள். அப்படிச் சபித்த ஒரு நாளில்தான் பக்கத்துக் காம்பரா அக்கா என்னைத் தனியே இழுத்து, "ஒங்கம்மா வாயாலதான்டி வந்துச்சு. அதுகிட்ட போய் யாரு சொல்றது?" என்று நடந்ததைச் சொன்னாள். நானும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சபிப்பதை நிறுத்துவாள். அதற்கு மேல் ஒன்றும் மாறாது.

இப்போது நிலைமை இது. என் பெயர் பதிந்தாகிவிட்டது. அம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுக்கிறேன். விரல்கள் கறுத்துத் தடித்துவிட்டன, மெல்லிய கம்பி இனி அவற்றில் நிற்காது. நானாவுக்கு வெலிமடையில் கல்யாணம் முடிந்துவிட்டது. தொழிற்சாலையின் காற்றாடி மோட்டார் போன வாரம் கருகியது. அதை லொறியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.